மூன்றாம் வரிசையில் இரண்டு பாய்கள்

போன வாரம் சைகோனின் சோலோன் சந்தையில் என் மனைவி பீங்கான் கிண்ணத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கடைக்காரர் ஒரு கோரைப்பாயை உதறி விரித்தார். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உடம்பெல்லாம் குளிர ஆரம்பித்துவிட்டது. அந்த வெயிலில் பல் தந்தியடித்தது என்றால் நம்பமாட்டீர்கள். நம்ப வேண்டாம், நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். ஆனால் குளிர்ந்தது உண்மை.

"பாய் வேணுமா?" என்றாள் மனைவி.

"வேணாம்."

"அப்பறம் ஏன் பேயறஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

அவளிடம் இதுவரை சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

இந்த ஊரில் மெட்ரோ ஓடாத காலம். தூ டுக் புறநகரில் ஒரு நிறுவனத்துக்குச் சென்னையிலிருந்து வந்து சேர்ந்திருந்தேன். அங்கே நாற்பது கணினிகளை அலமாரிகளில் அடுக்கி, நான்கு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நாற்பதும் சேர்ந்து ஒரே கணக்கைப் போடும். மழையும் கடலின் ஏற்றமும் சேர்ந்து வந்தால் இன்றைக்கு எந்தச் சந்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்கிற கணக்கு. காலை பதினொரு மணிக்கு அளவுகள் வந்து சேரும். இரண்டு மணிக்குள் எச்சரிக்கை போயாக வேண்டும். எங்கள் கணக்கோ இரண்டே முக்காலுக்குத்தான் முடியும். அந்த முக்கால் மணி நேரத்தைச் சுரண்டி எடுக்கத்தான் எனக்குச் சம்பளம்.

வந்த முதல் நாள் மதியம் பன்னிரண்டுக்கு எங்கள் தளத்தில் விளக்குகள் அணைந்தன. நிமிர்ந்து பார்க்கிறேன், ஒரு தலையும் தெரியவில்லை. மேசைகளுக்கு அடியில் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. விஷவாயு என்றே முடிவு கட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு நான்கு மாடி இறங்கி ஓடி, காவலரை உலுக்கினால் அவரும் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். மதியத் தூக்கம். இந்த ஊரில் அது சோற்றோடு சேர்ந்தது. அன்றைக்கு மூச்சிரைக்க மாடியேறி வந்தவனைப் பார்த்துச் சிரித்தவர் ஒரே ஒருவர், ஆன் லாம்.

‘ஆன்’ என்றால் அண்ணன். லாம் அண்ணன்தான் அந்தக் கணினி அறையின் சாவிக்காரர், காவல் தெய்வம், ஒட்டடை அடிக்கிறவர் எல்லாம். அப்பா காரைக்கால்காரர், இங்கே குமாஸ்தாவாக இருந்தவர். சைகோன் விழுந்த மறு வருடம், பிறகு அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கப்பலேறியவர் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. மகனுக்கு அவர் நிறத்தையும் ஏழெட்டுத் தமிழ்ச் சொற்களையும் விட்டுப்போயிருந்தார். மற்றதெல்லாம் அண்ணன் வியட்நாமிய மொழியில்தான் பேசுவார். எனக்கு அதில் பாதி புரியும், மீதிக்குத் தலையாட்டுவேன்.

"தம்பி, சாப்ட்டியா? படுத்துக்கோ" என்று என்னைக் கணினி அறைக்குள் அழைத்துப்போனார். அங்கே தரையில் துளை போட்ட ஓடுகள் வழியாகக் குளிர்காற்று மேலே வரும், இயந்திரங்கள் அதைக் குடித்து உயிர் வாழும். கட்டடத்திலேயே குளுமையான இடம் அதுதான். ஆனால் அந்தக் காற்று நேரே விலா எலும்பில் குத்தும். அதனால் மூன்றாம் வரிசைக்கு முன்னால், துளைகளின் மேலேயே தடிமனான கோரைப்பாயை விரித்து அவர் படுப்பார். மறுநாள் எனக்கென்று சோலோனில் இன்னொரு பாய் வாங்கிவந்தார். ஒரு வருடம், வேலை நாள் தவறாமல், நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் தூங்கினோம். அம்மா மடிக்குப் பிறகு நான் அப்படித் தூங்கியது அங்கே மட்டும்தான்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் எங்கள் எச்சரிக்கை வழக்கம்போல இரண்டே முக்காலுக்குப் போனது. லாம் அண்ணன் வீட்டுச் சந்தில் தண்ணீர் இரண்டு மணி இருபதுக்கே நுழைந்துவிட்டது. படுக்கையில் கிடந்த அவருடைய அம்மா கட்டிலோடு நனைந்தார். அக்கம்பக்கத்தார் வந்து தூக்கும்வரை இடுப்பளவு தண்ணீரில் கிடந்தாராம். அதன்பின் வந்த காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா கட்டிலத் தூக்கி மேசமேல வச்சிருப்பாங்க" என்றார் அண்ணன். யாரையும் குறை சொல்லவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் மூன்று சோதனைகள் வைத்தார்கள். மூன்றிலும் தவறினால் எங்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டில் தவறிவிட்டேன். விசித்திரம் என்னவென்றால், விடியலில் ஓட்டினால் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், மாலையிலும் அப்படியே. பதினொன்றுக்குத் தொடங்கினால் மட்டும் இழுக்கும். நிரலை வரி வரியாகப் பிரித்துப் போட்டேன். கணக்கை நாற்பது பங்காகப் பிரிப்பதை மாற்றினேன், நினைவகத்தில் அடுக்குவதை மாற்றினேன். ஒரு கட்டத்தில் அறை வாசலில் எலுமிச்சம்பழம்கூட உருட்டி வைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

அப்புறம் இயந்திரங்களின் வெப்பக் குறிப்பேட்டைப் பார்த்தேன். மூன்றாம் வரிசையில் தினமும் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ஒட்டக முதுகு போல ஒரு மேடு. ஞாயிற்றுக்கிழமைகளில் மேடு இல்லை. அன்று மதியமும் வழக்கம்போலப் படுத்தேன். தலைக்கு மேலே மூன்றாம் வரிசை விசிறிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. மல்லாந்து கிடந்தபடியே எல்லாம் புரிந்துவிட்டது. எங்கள் பாய்கள் காற்றை அடைத்திருந்தன. சூடேறினால் அந்த இயந்திரங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கல்யாணப் பந்தி மாதிரிதான். ஒரு கிழவர் நிதானமாக மோர்சோறு பிசைந்தால் பந்தி முழுக்க இலையை மூடாமல் காத்திருக்கும். பத்து இயந்திரம் தளர்ந்தால் மீதி முப்பதும் சும்மா நிற்கும். முக்கால் மணி நேரம் என் முதுகுக்குக் கீழேதான் இருந்திருக்கிறது. அது தெரிந்த பிறகும் இன்னும் பத்து நிமிஷம் எழுந்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கூட வேலை பார்த்த நாகூர் சாகுலிடம் மட்டும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "யார்ட்டயும் மூச்சு விடாத வாப்பா. பாயச் சுருட்டி மூலைல வை. வேல முடிஞ்சுது."

பாயைச் சுருட்டினேன். அண்ணனிடம், சோதனை முடியும்வரை வெளியே படுக்கலாம் என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது சோதனையில் கணக்கு இரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே முடிந்தது.

மறுநாள் கூட்டம். இயக்குநர் அம்மாள் கேட்டார், "என்ன மாற்றினீர்கள்?" நிரலில் ஏதோ மாற்றினேன் என்று ஒரு பொய் போதும். ஆனால் எந்த வரி என்று கேட்டால்? பயந்தால் நான் ஜோக்கடிப்பேன், அது என் வியாதி. "மாற்றியது ஒரு பாயைத்தான்" என்றேன். ஒருவர் சிரித்தார். அது போதுமே எனக்கு. எழுந்து நின்று லாம் அண்ணன் குறட்டை விடுவதை நடித்துக் காட்டினேன். அவர் குறட்டைக்கு நாற்பது கணினிகளும் தாளம் போடுவதையும் காட்டினேன். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். சாகுல் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இயக்குநர் அம்மாளும் சிரிக்கவில்லை, ஏதோ எழுதிக்கொண்டார். ஒரு பாய் என்றுதான் சொன்னேன். இரண்டு என்று சொல்லவில்லை.

மறுநாள் மதியம் அண்ணன் சாவியை ஒப்படைத்துவிட்டு, இரண்டு பாய்களையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"அம்மா நனஞ்ச அன்னிக்கும் நான் தூங்கினதாலதான் லேட்டா?"

அந்த நாளின் குறிப்பேட்டை நான் பார்த்திருந்தேன். மேடு இருந்தது.

"தெரியலண்ணே" என்றேன்.

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "ரெண்டாவது பாய் யாருதுன்னு கேட்டாங்க. ஒண்ணு விரிச்சுக்க, ஒண்ணு போத்திக்க, ரெண்டும் எனக்குத்தான்னு சொல்லிட்டேன். நீ ஊர்விட்டு ஊர் வந்த புள்ள." வண்டியை மிதித்தார். கிளம்பும்போது, பழக்க தோஷம்தான், தமிழில் கேட்டார். "தம்பி, சாப்ட்டியா?"

தலையாட்டினேன். சாப்பிட்டிருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் சந்துக்குப் போனேன். காலி செய்துவிட்டார்கள் என்றார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சாகுல் ஊருக்குப் போய்விட்டான். கணினி அறை இருந்த தளத்தில் இப்போது காப்பிக்கடை, துளை ஓடுகளைப் பெயர்த்துவிட்டு மரப்பலகை போட்டிருக்கிறார்கள். கணக்கை எந்த நாட்டிலோ வாடகைக்கு எடுத்த இயந்திரங்கள் போடுகின்றன, அவற்றின் முன்னால் யாரும் படுப்பதில்லை. மழைக்காலத்தில் எச்சரிக்கை பதினொன்றரைக்கே என் கைபேசியில் வந்து சிணுங்குகிறது. கட்டிலைத் தூக்கி மேசைமேல் வைக்க வேண்டிய மட்டும் நேரம் இருக்கிறது. அண்ணன் வீட்டுச் சந்து இருந்த இடத்தில் இப்போது இருபது மாடி நிற்கிறது.