செண்பகம் பேசிய நாட்கள்

ஈரக் கம்பளிச் சட்டையின் வாசம்தான் முதலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. மாஞ்சோலை மலையில் தேயிலை பறிக்கும் அம்மாவை விட்டுவிட்டு, விக்கிரமசிங்கபுரத்துச் சித்தி வீட்டில் தங்கி ஆறாம் வகுப்புப் படிக்க அன்று காலை பஸ்ஸில் இறங்கி வந்த செண்பகத்தின் வாசம் அது.

வருகைப் பதிவில் "உள்ளேன் டீச்சர்" என்று திக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் கழுத்து நரம்பு புடைத்துவிடும். வகுப்பே சிரிக்கும். "கொன்னவாய்" என்று பெயரும் வைத்தார்கள். விடை தெரிந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். வெளியே போக வேண்டியிருந்தாலும் கேட்கப் பயந்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆனால் பள்ளி விட்டு வாய்க்கால் கரையோரம் நாங்கள் இருவர் மட்டும் நடக்கும்போது, திக்கித் திக்கியே ஆனாலும், காலில் ஏறும் அட்டைகளையும் வீட்டுக்குள் நுழையும் மேகத்தையும் வாசலில் வந்து நின்ற "மிளா" மானையும் பற்றி ஓயாமல் பேசுவாள்.

"நீ மட்டுந்தாம்ட்டி ந... நடுவுல சிரிக்க மாட்டுக்க" என்றாள் ஒருநாள்.

அதுவரை என்னைத் தங்களோடு சேர்த்துக்கொள்ளாத நாலைந்து பெண்கள், ஒரு மதிய இடைவேளையில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஏட்டி, அவ உங்கிட்ட எப்படிப் பேசுவா? செஞ்சு காட்டு." அந்த மிளா கதையை அவளைப் போலவே திக்கித் திக்கிச் சொல்லிக் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பிப் பார்த்தால், கழுவிய சாப்பாட்டுத் தட்டோடு வாசலில் செண்பகம்.

அவள் அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. மறுநாள் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். அதன்பின் அவள் யாரிடமும் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் அவளுடைய அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தாள். "நல்லாப் படிக்கிற பிள்ளைம்மா, நிப்பாட்டாதீங்க" என்றார் டீச்சர். "எங்கிட்டகூட வாயத் தொறக்க மாட்டுக்கா டீச்சர். கொழுந்து பறிக்கதுக்குப் பேச்சு எதுக்கு? நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் அம்மா. காரணம் தெரிந்த நான் கதவோரம் நின்றிருந்தேன். நானும் பேசவில்லை.

இன்று தேயிலைத் தோட்டத்தை மூடி, மலைமேல் இருந்த தொழிலாளர் குடியிருப்புகளும் காலியாகிவிட்டன. போன மாதம் அம்பாசமுத்திரம் சந்தையில், கீரைக்கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் "செண்பகம்" என்று கூப்பிட்டுவிட்டேன். நிமிர்ந்தாள். என்னை அடையாளம் தெரிந்ததைக் கண்ணிலேயே கண்டேன். உதடு அசைந்தது, பின் மூடிக்கொண்டது. பக்கத்திலிருந்த மகள், "எங்கம்மா பேச மாட்டாவ அத்தை. என்ன வேணும்னு எங்கிட்டச் சொல்லுங்க" என்றாள்.

உன் அம்மா ஓயாமல் பேசி நான் கேட்டிருக்கிறேன் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.