வானொலியில் தலையாட்டினேன்

பிள்ளைகளே, வானொலியில் நான் நடித்த கதையைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கரவெட்டியில் எங்கள் கோயில் திருவிழா நாடகங்களில் நான் வருடாவருடம் நடிப்பவன். அதைக் கேள்விப்பட்டு நல்லூர்ப் பக்கத்து வானொலி நிலையம் ஒன்று தங்கள் கலைமாலைக்கு என்னைக் கூப்பிட்டது. முதலில் ஒரு பேச்சு, பிறகு நாடகம், கடைசியில் வீணைக் கச்சேரி. எல்லாமே நேரடி ஒலிபரப்பு. நாடகத்தில் எனக்குப் பெண்ணின் தகப்பன் வேடம். என் மகள் டியூசனில் படிக்கிற எல்லாரிடமும், "எங்கடை அப்பா றேடியோவிலை நடிக்கிறார், கட்டாயம் கேளுங்கோ" என்று சொல்லி வைத்திருந்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. தொடக்க வசனங்கள் பிழையில்லாமல் போயின. மாப்பிள்ளையின் தகப்பனாக நடித்த வாத்தியார் என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்ன, பிள்ளையை எங்கடை வீட்டுக்குத் தரச் சம்மதமோ?"

"ஓம், முழுச் சம்மதம்" என்று நான் சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் மேடையில் அப்படியான இடத்தில் யாரும் உடனே வாய் திறப்பதில்லை. சால்வையைச் சரிசெய்து, சனத்தைப் பார்த்து, மெதுவாகத் தலையாட்டினால் போதும், கைதட்டு விழும். நானும் தலையாட்டினேன். தோளில் சால்வையே இல்லை, ஆனாலும் கை அங்கே போயிற்று. கண்ணாடிக்கு அப்பால் இருந்த நிலையத்துப் பிள்ளை இரண்டு கையையும் விரித்தாள். வானொலியில் ஒரு சத்தமும் இல்லை.

வாத்தியார்தான் சமாளித்தார். "ஐயோ, மறந்துபோனன். உவருக்குக் காது கேளாதெல்லோ!" என்றுவிட்டு, "பெட்டையைத் தாறியளோ எண்டு கேட்டனான்!" என்று கத்தினார்.

"ஓம்! ஓம்!" என்று நானும் கத்தினேன். அதன் பிறகு நாடகம் முடியும்வரை எல்லாரும் என்னிடம் கத்தித்தான் கதைத்தார்கள். கதிரை அசைந்தாலும் ஒலிபரப்பில் கேட்கும் என்பதால் வீணை முடியும்வரை எழும்பவும் முடியவில்லை. என்ன வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் சந்தையில் மரக்கறி விற்பவர், "அண்ணை, கத்தரிக்காய் வேணுமோ? கேக்குதோ?" என்று கூவினார். அதைச் சிரித்துத் தாங்கிக்கொண்டேன். என் பயமெல்லாம் டியூசனுக்குப் போன மகளைப் பற்றித்தான்.

பின்னேரம் அவளுடன் சைக்கிளில் வந்த சிநேகிதி வாசல் படலையடியில் நின்று சொன்னாள்: "அங்கிள், செவிட்டு அப்பாவாய்ச் சோக்காய் நடிச்சனீங்கள்! முதலே அப்பிடித்தான் எழுதியிருந்ததாமே? இவள்தான் சொன்னவள்."

மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மறுத்துச் சொல்லவில்லை.

சிநேகிதி போனதும், "ஏன் பிள்ளை பொய் சொன்னனீ?" என்று கேட்டேன்.

"எல்லாரும் உங்களைப் பகிடி பண்ணிச் சிரிக்கேக்கை நான் பின்னை என்னத்தைச் சொல்லுறது?" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

பொய் சொல்லாதே என்று அவளைச் சொல்லிச் சொல்லி வளர்த்தவன் நான். அன்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரவு சாப்பாட்டிலும் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடியே இருந்தேன்.