முன்னுரையில் ஒரு வரி

என் சிறுவர் நாவலுக்கு முதல் வாசகி என் மகள். பத்து வயது. வேறு ஆள் கிடைக்காததால்தான் அவளைப் பிடித்தேன். கடைசி இரண்டு அத்தியாயங்கள் எனக்கே திருப்தியில்லை. ஒரு பிள்ளை வாசித்து நல்லது, கூடாது என்று ஒரு சொல் சொல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை. கொழும்பிலிருந்த பதிப்பாளரோ, கதை வெள்ளிக்கிழமைக்குள் கைக்கு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த வருஷம் இல்லை என்று சொல்லியிருந்தார்.

கதையை அமெரிக்காவின் நவாஹோ மக்களுடைய புராணங்களிலிருந்து எடுத்திருந்தேன். ஒரு அக்காவும் தம்பியும் தங்கள் தகப்பனான சூரியனைத் தேடிப் போகிறார்கள். மண்ணுக்குள் குடியிருக்கும் சிலந்திப் பெண் வழித்துணைக்கு ஓர் இறகு கொடுக்கிறாள். நான் ஒரு நவாஹோ ஆளையும் கண்டதில்லை. எல்லாம் பாலாவியிலிருந்து முந்தலுக்குப் படிப்பிக்கப் போய்வரும் பஸ்ஸில், டேட்டா முடியும் வரைக்கும் ஃபோனில் வாசித்ததுதான். மூன்று வருஷம் அப்படியே போனது.

மகள் விருப்பத்தோடுதான் வாசித்தாள். ஆனால் வாசித்த விதம் இருக்கிறதே! மலை என்றால் அவளுக்கு உப்பளத்தில் குவித்து வைத்திருக்கும் உப்புத்தான். வானத்திலிருந்து பனி கொட்டும் இடத்தை நான் இரண்டு பக்கத்துக்கு உருகி உருகி வருணித்திருந்தேன். அங்கே நிறுத்தி, "உம்மா, அதுல மீன் நாத்தம் வருமா?" என்று கேட்டாள். அவள் கண்ட ஐஸ் எல்லாம் மீன்காரருடைய மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் கிடந்ததுதான். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

புதன்கிழமை பின்னேரம், பத்தாம் அத்தியாயம் முடிந்ததும் தாள்களை அடுக்கி மேசையில் வைத்துவிட்டு எழும்பினாள்.

"மிச்சம்?" என்றேன்.

"பனிக்காலம் வந்ததும் வாசிக்கிறன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் முதல் தாளை உருவி எடுத்துக் காட்டினாள். முன்னுரையின் கடைசி வரி. இந்தக் கதைகளைப் பாம்புகள் உறங்கும் பனிக்காலத்தில் மட்டுமே சொல்வது நவாஹோ மக்களின் வழக்கம் என்று நானே எழுதியிருந்தேன். எங்கோ வாசித்து, அழகாக இருக்கிறதே என்று கடைசியில் ஒட்டியது.

"இவ்வளவு நாளும் வாசிச்சீங்கதானே?" என்றேன்.

"இப்பதான் இதப் பாத்தன். நோன்பில மறதியாத் திண்டா நோன்பு முறியாதுதானே உம்மா. நெனவு வந்த பொறகும் திண்டாத்தான் முறியும்."

அந்த வருஷந்தான் அவள் முப்பது நோன்பும் பிடித்திருந்தாள். அந்தச் சட்டம் எல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது.

எங்கள் பக்கம் பனிக்காலம் என்றால் தை மாதம். பிள்ளைகளின் தலையில் தொப்பியை மாட்டி, இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கும் நாட்கள். அன்றைக்கு ஜூலை. வெளியில் கச்சான் காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. இன்னும் ஆறு மாதம்.

"அது அவங்கட நாட்டு வழக்கம் மகள். நமக்கில்ல."

"கதையும் அவங்கடதானே உம்மா."

ஐஸ்கிறீம் வாங்கித் தருவதாகச் சொன்னேன். அசையவில்லை. எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறிவிட்டது. "அது சும்மா அழகுக்கு எழுதின வரி! வாசிங்க!" என்று கத்தினேன்.

அவள் பயப்படவில்லை. யோசித்தாள். "சும்மாவா? அப்ப சிலந்திப் பொம்புளயும் சும்மாவா?"

குசினிக்குப் போய்க் கழுவின கோப்பைகளையே திரும்பக் கழுவினேன். பத்து வயதுப் பிள்ளை மரியாதை கொடுத்த ஒன்றை நான் சோடனைக்கு வைத்திருந்தேன் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது.

வெள்ளிக்கிழமை காலையில் பதிப்பாளர் ஃபோனில் கூப்பிட்டார். தை மாதம் தந்தால் சரிவருமா என்று கேட்டு, காரணத்தையும் சொன்னேன். "பாம்பு படுக்கிற வரைக்கும் அச்சகத்தைப் பூட்டி வைக்கச் சொல்றீங்களா டீச்சர்?" என்று சிரித்தார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஃபோனை வைத்ததும் அந்த வரியை அழித்தேன். யாருமே வாசித்துப் பார்க்காத கடைசி இரண்டு அத்தியாயங்களோடு கதையை அனுப்பிவிட்டேன்.

ஒக்டோபரில் புத்தகம் வந்தது. முதல் பிரதியை மகளிடம் கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு நேரே முன்னுரைக்குப் போனாள்.

"உம்மா, அந்த வரியக் காணல்ல."

"அச்சகத்தில விடுபட்டுப் போச்சு மகள்."

பொய் அவ்வளவு இலேசாக வந்தது. அவள் தலையை ஆட்டினாள். என்னை நம்பிவிட்டாள்.

"அப்ப மத்தப் பிள்ளைகள் தெரியாமத்தானே வாசிப்பாங்க. அவங்களுக்குக் குத்தமில்ல," என்றாள். "நமக்குத்தான் தெரியும்."

புத்தகத்தைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, தை பிறக்கும் வரைக்கும் வைத்திருக்கச் சொல்லித் திறப்பை என் கையில் தந்தாள்.