பிந்திய மூன்று புத்தகங்கள்

மூன்று புத்தகங்களை ஒரே நாளில் மாறி மாறி வாசிப்பது என் பழக்கம். விடிய சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஒன்று, உலையில் சோறு வேகும்போது ஒன்று, பின்னேரம் அஸருக்குப் பிறகு ஒன்று. நான் ஓ.எல். வரைதான் படித்தவள். லைப்ரரிக்குப் போய் வாய் திறந்து கேட்கும் துணிவு இந்த ஐம்பது வயதிலும் எனக்கு வரவில்லை. கல்முனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்த என் கணவர்தான், வேலை விட்டு வரும் வழியில் தன் லைப்ரரி கார்டுக்கு மூன்று மூன்றாக எடுத்து வருவார். அவர் வாசிக்கமாட்டார். அட்டைப் படத்தைப் பார்த்து எடுப்பார். நான் சமைக்கும்போது குசினி வாசலில் நின்று பகிடி பண்ணுவார்.

"ஒரு கதையில மௌத்தானவன் மத்தக் கதையில வந்து தேத்தண்ணி குடிக்கலியா?"

"வந்தான். உங்களப்போல சீனி கூடக் கேட்டான்."

கடைசியாக மூன்று புத்தகம் கொண்டுவந்த அதே வாரம் அவர் மௌத்தானார். கடையில் நின்றபடியே சரிந்தார், அத்தோடு உயிர் போனதாம். நான் இத்தாவில் இருந்தேன்: நாலு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்காமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல்.

முதலில் புத்தகங்களைத் தொடவே இல்லை. பிறகு அந்த மூன்று நேரங்களிலும் கை சும்மா இருக்க முடியாமல் எடுத்தேன். பாதி கடந்த பிறகுதான் பயம் பிடித்தது. முடித்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அடுத்த மூன்றை எடுக்க ஆள் இல்லை. பத்துப் பக்கத்தை ஐந்தாக்கினேன், ஐந்தை இரண்டாக்கினேன். ஒன்று முடியப் போகிறதென்று தெரிந்தால் மற்றதற்கு ஓடினேன். மூன்றாம் மாதம் நேற்று வாசித்த பக்கத்தையே இன்றும் வாசித்தேன்.

அவருடைய போன் என்னிடம்தான் இருந்தது. ஒரு பகல் அது அடித்தது.

"ஹலோ சேர், லைப்ரரியில இருந்து கதைக்கிறன். மூணு புத்தகமும் பிந்திட்டு."

தேவைக்குக் கதைக்கலாம் என்று மௌலவி சொல்லியிருந்தார். ஆனாலும் இத்தாவில் இருப்பவளின் குரல் அந்நிய ஆணுக்குக் கேட்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். நாக்கு எழும்பவில்லை. சிக்னல் இல்லை என்று லைப்ரரிக்காரர் நினைத்திருக்க வேண்டும். சத்தமாகச் சொன்னார்:

"மிசிஸுக்குக் கண் மங்கல் எண்டு பெரிய எழுத்துப் புத்தகம் கேட்டீங்களே சேர், ஒண்டு வந்திரிக்கி. எடுத்து வச்சிரிக்கன்."

என் கண் மங்கியதை நான் யாரிடமும் சொன்னதில்லை. புத்தகத்தைத் தூரப் பிடித்து வாசித்ததை என் கணவர் பார்த்திருக்கிறார். அன்று சோறு அடிப்பிடித்து வீடெல்லாம் மணத்தது. நான் எழும்பவில்லை.

அவர் மௌத்தானது பள்ளிவாசலுக்குத் தெரியும், கடைக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அந்த லைப்ரரி மேசைக்கு மட்டும் தெரியாது. அங்கே அவர் புத்தகம் கொடுக்கப் பிந்திய ஒரு மனிதர், அவ்வளவுதான். மேலும் இரண்டு தடவை அழைப்பு வந்தது. இரண்டு தடவையும் எடுத்துக் காதில் வைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மனிதரை வீணாக அலைக்கழிக்கிறேன் என்று தெரிந்தும், அந்த "சேர்" என்ற சொல்லைக் கேட்பதற்காகவே எடுத்தேன். போனை சார்ஜ் இறங்க விடவில்லை.

நான்காவது தடவை நான் தொழுகையில் நின்றேன். மகள் போனை எடுத்தாள். "வாப்பா மௌத்தாகி நாலு மாசமாகப் போகுது" என்றாள், நேரம் சொல்வதைப் போல. ஓதிக்கொண்டிருந்தது எனக்கு மறந்துபோனது. தொழுகையின் எந்த ரக்அத்தில் நின்றேன் என்றும் தெரியவில்லை.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும், "ஏன் சொன்ன?" என்று கேட்டேன்.

"உண்மையத்தானே உம்மா சொன்னன்."

லைப்ரரிக்காரர் இன்னாலில்லாஹி சொல்லிவிட்டு, இத்தா முடிந்த பிறகு புத்தகங்களைத் தந்தால் போதும் என்றாராம். அதற்குப் பிறகு போன் அடிக்கவில்லை.

இத்தா முடிந்து இன்றைக்கு ஒன்பது நாள். பெரிய எழுத்துப் புத்தகம் இன்னும் அந்த மேசையில் இருக்கிறதோ தெரியாது. அதை எடுக்க வேண்டுமென்றால் நானே போய் வாய் திறக்க வேண்டும். இந்த மூன்றையும் அவருடைய லைப்ரரி கார்டையும் கொடுத்துவிட வேண்டும். மகள் புத்தகங்களைப் பையில் போட்டு வாசலருகே வைக்கிறாள். அவள் அங்கால போனதும் நான் வெளியே எடுக்கிறேன். மூன்றிலும் கடைசிப் பக்கத்தை விட்டுவிட்டு, முதல் பக்கத்திலிருந்து திரும்பத் தொடங்கியிருக்கிறேன்.

"இன்னும் முடியலியா உம்மா?" என்கிறாள்.

முடியவில்லை என்கிறேன்.