மிளகுக்கடைக்காரர் கதாநாயகன் ஆன கதை

"பழகின வார்த்தை ஏதெங்கிலும் சொல்லிக் கொடுங்க சேச்சி, கூடவே சொல்லுவார்." பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் மலையாளப் பெண் நேற்று இப்படிச் சொல்லிவிட்டுப் போனாள். பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. என் வீட்டுக்காரர் வாயில் 'ம்' தவிர ஒன்றும் இல்லை. மகள் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், டீயைக் காட்டி 'சாயா' என்று சொல்லிப் பார்த்தேன். எனக்குத்தான் தொண்டை வறண்டது.

அப்புறம்தான் அந்த நாடகம் ஞாபகம் வந்தது. இங்கே கொச்சியில் மட்டாஞ்சேரித் தமிழ்க்காரர்கள் அப்போதெல்லாம் வருஷம் ஒரு நாடகம் போடுவார்கள். ஒரே சிரிப்பு நாடகத்தையே திரும்பத் திரும்பப் போடுவார்கள், அது வேறு விஷயம். அதில் எத்தனை விதக் காதல் என்கிறீர்கள்! பார்த்ததும் மயங்கி விழும் காதல் ஒன்று. சண்டை போட்டே சேரும் ஜோடி ஒன்று. கண்ணாடியில் தன்னையே பார்த்து உருகும் கிழட்டுப் பண்ணையார் ஒருவர். மீன் துண்டைக் காட்டியே வேலைக்காரனை மடக்கும் சமையற்காரி ஒருத்தி.

மயங்கி விழுபவர் இவர். மிளகுக்கடையில் சாக்குப் பிடித்த மனுஷனுக்குக் கதாநாயகன் வேஷம்! கதாநாயகி, மீசையை எடுத்துவிட்டு வந்த பள்ளுருத்தி தையல்காரர் மணி. பொறாமைப்படக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இவர் கொச்சியில் பிறந்தவர், படித்தது மலையாளம். தமிழ் எழுத்து தெரியாது. கடையநல்லூரில் படித்துவிட்டு வாழ்க்கைப்பட்டு வந்த நான்தான் வசனத்தை வாசித்துக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் அடுக்களை வாசலில் வந்து உட்காருவார். நான் கப்பைக் கிழங்கை நறுக்கிக்கொண்டே வாசிப்பேன்.

"உன்னைப் பார்த்த கணத்திலிருந்து என் கால்கள் வீட்டுக்குப் போகும் வழியை மறந்துவிட்டன."

இவர் என்னைப் பார்த்துச் சொல்வார், கடைசிச் சொல்லை மலையாளத்தில் இழுக்கிற மாதிரி இழுத்து.

"இழுக்காதீங்க. சனங்க சிரிப்பாங்க."

"இன்னொருக்க வாசி. நான் செரியாச் சொல்றேன்."

மறுபடி சொல்வார். மறுபடி திருத்துவேன். ஒரு நாள் அலுத்துப் போய்ச் சொன்னேன்: "நமக்கெல்லாம் அந்தச் சமையற்காரி காதல்தான். மீன் துண்டோட சரி."

"எனிக்கு அது மதி, அது போதும்," என்று சட்டியைத் திறந்து பார்த்தார்.

நாடகம் நன்றாகத்தான் நடந்தது. இழுத்துத்தான் பேசினார், சனங்கள் சிரிக்கவும் செய்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். அடுத்த வருஷம் இவர் வேஷம் வேண்டாம் என்றுவிட்டார். பிறகு நாடகமே நின்றுபோனது. நடித்தவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. அந்த ஹாலில் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காப்பி விற்கிறார்கள்.

இன்று காலை கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, அந்த வசனத்தை இவரிடம் சொன்னேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். ஒரு மாதம், தினமும் சாயங்காலம், இந்த மனுஷன் இதை என் முகத்தைப் பார்த்தல்லவா சொல்லியிருக்கிறார்! நான் கப்பையைப் பார்த்துக்கொண்டு குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அட, என்ன பொம்பளை நான்.

"சொல்லுங்க," என்றேன். "இழுத்தே சொல்லுங்க. நான் திருத்த மாட்டேன்."

உதடு அசைந்தது. காத்திருந்தேன். சத்தம் எதுவும் வரவில்லை.