கெபிக்கு ஒரு மதில்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். சொல்லட்டும். ஒஸ்லோவில் இருக்கிற எங்கள் கத்தோலிக்கத் தமிழ்ச் சனத்துக்கு அது புதுக்கதை இல்லை. ஆனால் இந்தத் தவக்காலத்தில் நான் என் கஞ்சிப் பானையைக் கோயில் மண்டபத்திலிருந்து ஏன் தூக்கிக்கொண்டு வந்தேன் என்பதை ஆளுக்கொரு மாதிரிக் கதைக்கிறார்கள். எனக்குத் தலைக்கனமாம். தலைவர் பதவிக்கு என் வீட்டுக்காரரை நிறுத்தப் பார்க்கிறேனாம். விசர்க்கதை. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் மாடிக் கட்டடத்திலிருந்து நடந்தே போகிற தூரம். அங்கே பல வருடமாக என் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு தோல் சீவுகிறவள் ஆபிரிக்காவில் கானா நாட்டுக்காரி. என் வயதுதான் இருக்கும். அவளும் கத்தோலிக்கம். நோர்வேஜிய மொழியை இரண்டு பேரும் ஒரே அளவுக்குக் கொலை செய்வதால் எங்களுக்குள் ஒரு சொல்லுக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை.

அவளுடைய ஊர் கடலுக்கும் களப்புக்கும் நடுவில் கிடக்கிற ஒரு மணல் துண்டு. ஒரு பக்கம் அலை, மற்றப் பக்கம் அசையாத தண்ணீர். அந்தத் துண்டைக் கடல் தின்றுகொண்டு வருகிறது. பந்து விளையாடிய இடம் போய்விட்டது. அவள் படித்த பள்ளிக்கூடம் போய்விட்டது. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில் நின்ற இடத்தில் இப்போது படகு விடுகிறார்களாம். சின்ன வயதில் அவர்களுடைய வீட்டிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் வேறு வீடுகளைத் தாண்டி நடக்க வேண்டும். அந்த வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்து, கடைசியில் அவளுடைய தாயின் வீடே முன்வீடாகிவிட்டது.

கடல் ஏன் இப்படி ஏறுகிறது என்று நான் கேட்டபோது அவள் கத்தியை வைக்காமலே பதில் சொன்னாள். உலகம் சூடாகிறது, கடல் பொங்குகிறது, ஆற்றை மறித்துக் கட்டியதால் மணலும் வருவதில்லை. அவ்வளவுதான் சொன்னாள். எனக்குத்தான் பத்திக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வடக்குக் கோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டியவர். அதே ஊரில் பிறகு வாயு ஆலை வந்து தீ எரிந்ததை அங்கே இருக்கிற எங்கள் ஆட்கள் பெருமையாகப் படம் பிடித்து எங்களுக்கு அனுப்பினார்கள். அந்த எண்ணெயும் வாயுவும் விற்ற வளத்தில்தான் எங்கள் தெருவில் பனி வழிக்கிறார்கள், என் பிள்ளை காசு கட்டாமல் படிக்கிறாள், நாளைக்கு எனக்குப் பென்சனும் வரும். எரிக்கிறது இஞ்சை, மூழ்குறது அங்கை. இதை யாரிடம் போய்க் கத்துவது?

அந்த ஊர்ச் சனம் கத்திக்கொண்டு இருக்கவில்லை. களப்புக்கு அந்தப் பக்கம் மேட்டு நிலம் தேடிப் பிடித்து, ஊர்ச் சாமியாரும் பெரியவர்களுமாகத் துண்டு துண்டாக அளந்து பிரித்துவிட்டார்கள். சுவர் எழுப்ப அவர்களால் முடியும். கூரைத் தகரமும் ஒரு கிணறும்தான் முடியவில்லை. என் தோழியின் தாய் கடைசி வரைக்கும் அசைய மாட்டேன் என்று நின்றவர். மகன் கெஞ்சி, மகள் இங்கிருந்து தொலைபேசியில் அழுது, கடைசியில் ஒரு சொல் வாங்கினார்கள். கூரை போட்ட அன்றைக்குத் தான் வருவதாகச் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்ட நாள் என் தோழி சமையலறையில் ஆடினாள்.

எங்கள் சனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்து ஞாயிறுகளில் பூசை முடிய மண்டபத்தில் கஞ்சி கொடுப்போம். வீட்டுக்குப் போய் இறைச்சியும் சோறும் தின்னாமல் அந்தக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டு, மிச்சம் பிடித்ததை ஒரு நல்ல காரியத்துக்குக் கொடுக்க வேண்டும். கஞ்சி காய்ச்சுவது நான். போன வருடம் நானே எங்கள் கமிட்டித் தலைவரிடம் கதைத்து என் தோழியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் நல்ல துணி உடுத்து, தலையில் கட்டி, ஒலிவாங்கியில் தன் ஊரைப் பற்றிச் சொன்னாள். என் மகள் பக்கத்தில் நின்று தமிழாக்கினாள். தீவுப்பகுதிச் சனமும் மன்னார்ச் சனமும் இருக்கிற மண்டபம் அது. கடல் என்றால் என்னவென்று ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அழாத ஆள் இல்லை. கூரைக்கும் கிணற்றுக்கும்தான் இந்தக் காணிக்கை என்று தலைவரே அறிவித்தார். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

அதற்குப் பிறகு கமிட்டி கூடியது. கஞ்சி காய்ச்சுகிறவர்களைக் கமிட்டிக்குக் கூப்பிடுவதில்லை. எங்கள் தலைவர் லில்லெஸ்ட்ரோமில் தனிவீடு வைத்திருக்கிறவர். இலங்கையில் தன் ஊரில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரமும் ஒரு பஸ் தரிப்பிடமும் கட்டி, இரண்டிலும் தகப்பனுடைய பேரைப் பொறித்தவர். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்களுக்குக் கொடுக்கிற கை உண்டு, ஆனால் கல்லில் பேர் வராவிட்டால் கொடுத்த மாதிரியே இராது. தகரத்தில் பேர் பொறிக்க முடியுமா? கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து யார் வாசிப்பான்? ஆகவே கமிட்டி ஒரு முடிவு எடுத்தது. என் தோழியின் ஊர்க் கடற்கரையில் மாதாவுக்கு ஒரு கெபி. கல்லையும் சீமெந்தையும் அடுக்கிக் குகை மாதிரிக் கட்டி, நடுவில் கடலைப் பார்த்தபடி மாதா சுரூபம், கீழே பளிங்குக் கல்லில் ஆங்கிலத்தில் உபயகாரர்களின் பெயர்கள். எங்கட கரையெல்லாம் மாதாதானே கடலைப் பிடிச்சு வைச்சிருக்கிறா என்று தலைவர் சொன்னாராம். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. காரியதரிசி கையெழுத்து வைத்தார். காரியதரிசி வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான்.

எனக்கு இது எப்படித் தெரிய வந்தது? என் தோழி ஒரு காலை வேலைக்கு வந்து, கடற்கரையில் ஏன் சீமெந்து இறக்குகிறார்கள், கூரை மேட்டில் அல்லவா வேண்டும் என்று கேட்டாள். ஊரிலிருக்கிற அவளுடைய தம்பி சொல்லியிருக்கிறான். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டேன். வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"மாமான்ர பேரையும் கல்லில போடச் சொல்லிக் குடுத்தனான். அவருக்கு ஒரு கல்லும் இல்லைத்தானே."

என் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் எல்லோரும் மெழுகுதிரி கொளுத்துகிற நேரம் எங்களுக்குப் போய் நிற்க ஒரு இடமில்லை. இவர் அதை இத்தனை வருடமும் மனதில் வைத்திருந்திருக்கிறார். அந்த ஒரு வசனத்தால் என் வாயை அடைத்துவிட்டார். அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம்.

கெபி கட்டி முடிந்தது. எங்கள் சனம் எதைச் செய்தாலும் சீமெந்தில் கஞ்சத்தனம் பார்க்காது. அத்திவாரம் ஆழம், சுற்றிவர அகலமான திண்டு. திறப்பு விழாவின் காணொளி எங்கள் எல்லாருடைய தொலைபேசிக்கும் வந்தது. அதற்குப் பிறகுதான் இடி. தோழியின் தாய், தான் இனி எங்கேயும் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மாதாவே வந்து முன்னுக்கு நிற்கிறா, பனி நாட்டுச் சனம் அனுப்பியிருக்கு, பிறகு நான் ஏன் போவான் என்று கேட்டாராம். கூரை போட்டால் வருவேன் என்ற சொல் அதோடு சரி. மேட்டில் கூரையும் இல்லை, கூரை கேட்கிற வாயும் இல்லை.

இதை என் தோழி என்னிடம் ஏசுகிற மாதிரிச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் குனிந்து கிழங்கு சீவினாள். ஏசியிருந்தால் நானும் சேர்ந்து ஏசியிருப்பேன்.

கிறிஸ்மஸ் கழிந்து கொஞ்ச நாளில் கடல் வந்தது. பட்டப்பகலில், வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போது. அவளுடைய தம்பி எடுத்த காணொளியை நானும் அவளும் குளிர் அறைக்குள் நின்று பார்த்தோம். அலை நேரே வந்து கெபியில் அடிக்கிறது. கெபி அசையவில்லை. அடிபட்ட தண்ணீர் இரண்டாகப் பிரிந்து அதன் இரண்டு பக்கத்து மணலையும் வாரிக்கொண்டு ஓடுகிறது. இடது பக்கம் இருந்தது அவளுடைய தாயின் வீடு. அடியில் மண் போக, சுவர் தேத்தண்ணீரில் தோய்த்த பிஸ்கட் மாதிரி இறங்கியது. தம்பி தொலைபேசியை எறிந்துவிட்டு ஓடியிருக்க வேண்டும். பிறகு வானம் மட்டும் தெரிந்தது. தாயை முதுகில் தூக்கிக்கொண்டு தப்பிவிட்டான். கட்டில், சட்டி பானை, அவர் தைத்துப் பிழைத்த மெசின், எல்லாம் போய்விட்டன. இப்போது அந்த மனுசி களப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நிலத்தில் படுக்கிறார். ஜன்னலால் பார்த்தால் அவருக்கு அளந்து விட்ட நிலம் தெரியும். கூரை இல்லாத நான்கு சுவர்.

தவக்காலம் பிறந்தது. முதல் ஞாயிறு நான் பானையோடு மண்டபத்துக்குள் போகிறேன், சுவரில் பெரிய படம். சட்டம் போட்டு, பூமாலை போட்டு. சுற்றிவரத் தண்ணீர், நடுவில் கெபி, கல்லில் பெயர்கள் பளிச்சென்று. சனம் கும்பிட்டுக்கொண்டு போகிறது. தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, வீடெல்லாம் விழ எங்கட கெபி நிண்டது அற்புதம் அல்லாமல் வேறென்ன என்று கேட்டார். ஆகவே இந்த வருடக் காணிக்கை, கெபியைக் கடலிலிருந்து காப்பாற்ற அதைச் சுற்றி ஒரு மதில் கட்டவாம்.

நான் அகப்பையோடு முன்னுக்குப் போனேன்.

"அண்ணை, கெபிக்குப் பக்கத்தில ஒரு வீடு இருந்தது, தெரியுமோ?"

"ஓம் தங்கச்சி, கேள்விப்பட்டன். கவலைதான். ஆனா சுரூபத்தில ஒரு கீறல் இல்லை, அதை யோசியுங்கோ."

"யோசிச்சுப்போட்டுத்தான் வந்தனான். உங்கட சீமெந்திலை அடிச்ச தண்ணிதான் அந்த வீட்டை விழுத்தினது. இனி மதிலும் கட்டினா மிச்ச வீடும் போகும். மாதா தனக்கு வீடு கேட்டவவோ? கூரை கேட்டது அந்த மனுசி."

தலைவர் சிரித்துக்கொண்டு, தங்கச்சி நல்லாக் களைச்சுப் போனா, முதல்ல கஞ்சியைக் குடிப்பம் என்றார். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. கஞ்சி இல்லை என்றேன். அடுப்பை நிறுத்தினேன். பானையின் ஒரு காதைப் பிடித்தேன், கனம் தூக்க முடியவில்லை. காரியதரிசி கதிரையிலிருந்து எழும்பி வந்து மற்றக் காதைப் பிடித்தார். இருவருமாகக் கஞ்சியைச் சிந்திவிடாமல் வாகனம் வரைக்கும் நடந்தோம். என் மகள் பின்னால் வந்து, மம்மா, இனி ஞாயிறில எங்கை போறது என்று கேட்டாள். எனக்கே தெரியாது. மதிலுக்குக் காணிக்கை அன்றைக்கே சேர்ந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கஞ்சி இல்லாமலே.

அடுத்த நாள் வேலையில் தேநீர் இடைவேளைக்குத் தோழியின் தொலைபேசி அடித்தது. தாய். திரையில்தான் என்றாலும் நான் அவர் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல்முறை. தலையில் நீலத் துணி, பல்லில்லாத சிரிப்பு. தோழி இடையில் நின்று மொழி மாற்றினாள். அவர் தினமும் மகனுடைய தோணியில் களப்பைக் கடந்து கடற்கரைக்குப் போகிறாராம். தண்ணீர் வற்றுகிற நேரம் கெபியடிக்கு இறங்கி, கல்லில் இருக்கிற பெயர்களை மகன் ஒவ்வொன்றாக வாசிக்க, ஒவ்வொருவருக்காகவும் செபிக்கிறாராம். உங்கள் எல்லாருக்காகவும் என்றார். அதில் ஒரு பெயருக்கு முன்னால் மட்டும் சிலுவை போட்டிருக்கிறது, அது யார் என்று கேட்டார்.

நான் தொலைபேசியை என் பக்கம் இழுத்தேன். கோபத்தில்தான்.

"அது என்ர அப்பா எண்டு சொல்லு. கடல் கொண்டுபோன மனுசன். அவருக்காக ஒண்டும் செபிக்க வேண்டாம். அந்தக் கரைக்கு இனிப் போக வேண்டாம் எண்டு சொல்லு. அவர் இருந்தா அதைத்தான் சொல்லுவார்."

தோழி சொன்னாள். தாய் கவனமாகக் கேட்டார். தலையை ஆட்டினார். நெஞ்சில் கை வைத்து எதையோ நீளமாகச் சொன்னார். தோழி ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

என்னவாம் என்று கேட்டேன்.

"பாவம் அந்த மனுசன், இனி அவருக்குத்தான் முதல் செபம் எண்டு சொல்லுறா," என்றாள். "நாளைக்கும் போவாவாம்."