எமெனிகேவுக்கு வழி சொன்னவள்

ஜோகன்னஸ்பர்க்கில் ஜெப்பி ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் அடாக்குவின் சாப்பாட்டுக் கடையைத் தெரியாத நைஜீரியக்காரன் கிடையாது. இடித்த வள்ளிக்கிழங்கும் எகுசி விதை அரைத்த குழம்பும் அவள் கையால் சாப்பிட்டவன் வேறு கடைக்குப் போகமாட்டான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "தட்டைப் பார்த்துச் சாப்பிடுடா, என் மகளை என்ன பார்வை?" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுவாள்.

கடையை விட முக்கியமான வேலை ஒன்று அவளிடம் இருந்தது. நைஜீரியாவிலிருந்து பிழைக்க வந்த எங்கள் ஊர்க்காரர் சங்கத்தில் எவனாவது இந்த ஊரில் செத்துப்போனால், பிணவண்டியில் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து விமான நிலையம் வரை போவது அவள்தான். செத்தவனுக்குக் காது கேட்கும், கண் தெரியாது. எந்த முக்கில் திரும்புகிறோம், எந்தப் பாலத்தில் ஏறுகிறோம் என்று ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டே வரவேண்டும். இல்லாவிட்டால் ஆள் பாதி வழியில் நின்றுவிடுவான், உடம்பு மட்டும் ஊர் போய்ச் சேரும். அங்கே சரக்கு ஏற்றும் வாசலில் ஒப்படைக்கும்போது, "இனிமே இன்னார் உன்கூட வர்றார், அவர் குரலைக் கேட்டுக்கிட்டுப் போ" என்று அடுத்த ஆளைக் காட்டிவிட வேண்டும். பதினான்கு வருஷத்தில் இருபத்திரண்டு பேரை அடாக்கு அப்படி அனுப்பியிருக்கிறாள். குடித்தே செத்த ஒருத்தனிடம், "டேய், பார் வருது, இறங்கித் தொலைக்காதே" என்று சொன்னாளாம். வண்டிக்காரன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஆனால் அவள் யாரிடமும் பொய் சொன்னதில்லை. செத்தவனிடம் பொய் சொல்லக்கூடாது. அவன் திரும்பிக் கேட்க முடியாது.

அவள் புருஷன் எமெனிகே கார்களுக்கு டிங்கரிங் பார்ப்பவன். ஊரில், நைஜர் ஆற்றங்கரை ஒனிட்சாவில் சொந்தப் பட்டறை வைத்திருந்தவன்தான். அங்கே கரண்ட் ஒரு நாள் வரும், மூன்று நாள் வராது. சம்பாத்தியமெல்லாம் ஜெனரேட்டரே குடித்தது. "ஊர்ல விளக்கு எரிஞ்சிருந்தா நான் ஏன்டி இங்க வந்து இவன்கிட்டயும் அவன்கிட்டயும் பேச்சு வாங்கணும்?" என்பான். ஆனாலும் இந்த ஊர்க்காரர்களைத் திட்டமாட்டான். "அவங்க தலைவருங்க அவங்களை ஏமாத்திட்டாங்க, நம்ம தலைவருங்க நம்மளை ஏமாத்திட்டாங்க. ஏமாத்தினவன் மாளிகையில இருக்கான். ஏமாந்த ரெண்டு பேரும் தெருவுல அடிச்சுக்கிறோம்." இதைச் சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொள்வான்.

அந்த செப்டம்பரில் தொழிலாளர் விடுதிகளிலிருந்து தடியும் பாட்டுமாக இந்த ஊர்க்காரர் கூட்டம் இறங்கியது. அந்நியனெல்லாம் வெளியே போ என்று கத்திக்கொண்டு வந்தார்கள். அடாக்குவையும் மகள் சோமாவையும், கடையில் பாத்திரம் கழுவும் நொம்வுலா தன் ஒற்றை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். நொம்வுலா இந்த ஊர்ப் பெண். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களை அவர்கள் பாஷையிலேயே கிழித்துத் தோரணம் கட்டினாள். எமெனிகே மட்டும் உள்ளே வரவில்லை.

"பட்டறையில வாத்தியார் கார் நிக்குது" என்றான்.

"கார் போனாப் போகுது. உள்ள வாங்க."

"இன்னைக்கு எடுத்துக்கலாம்னு சொல்லியிருக்கேன் அடாக்கு. எரிஞ்சுபோச்சுன்னா, நைஜீரியாக்காரன் காரைத் தின்னுட்டான்னு சொல்லுவாங்க."

அந்த வாத்தியாரும் இந்த ஊர்க்காரர்தான். காரை அவர் வீட்டு வாசலில் விட்டுவிட்டு நடந்து திரும்பி வரும்போது எமெனிகேவைப் பிடித்துக்கொண்டார்கள். பாவிகள்! அடுத்தவன் பொருளைப் பத்திரமாக ஒப்படைத்துவிட்டு வந்தவனை, எங்கள் பொருளைத் திருட வந்தவன் என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். அந்த வாத்தியார் பிணவறை வாசலில் அடாக்குவின் காலில் விழுந்து அழுதார். அவள் அவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

பிணத்தை ஊருக்கு அனுப்ப சங்கத் தலைவர் ஒபியோரா ஓடியாடி ஏற்பாடு செய்தார். எங்கள் ஆளை அடுத்தவன் மண்ணில் புதைக்கமாட்டோம். பேச்சே இல்லை. ஆனால் கூடப் போவது யார்? அடாக்குதான் போகவேண்டும், போகத்தான் துடித்தாள். அவள் பாஸ்போர்ட் காலாவதியாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. புதுப்பிக்க எழுதிக் கொடுத்து ஒன்றரை வருஷம்.

எங்கள் நைஜீரியத் தூதரகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவன் தலையைத் தூக்கவில்லை. "புஸ்தகம் இன்னும் வரலை மேடம்."

"என்ன புஸ்தகம்?"

"பாஸ்போர்ட் அடிக்கிற வெத்துப் புஸ்தகம். தலைநகர்லேர்ந்து வரணும். அவசரம்னா ஒரு வழித்தாள் தர்றேன். போகலாம், திரும்பி வர முடியாது."

சோமாவுக்குப் பள்ளி இறுதித் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. வயது பதினேழு. கலவரத்தில் கடை எரிந்துபோயிற்று, தகப்பன் பிணவறையில் கிடக்கிறான். இந்தத் தெருவில் அவளைத் தனியாக விட்டுவிட்டு, திரும்பி வரமுடியாத தாளில் எப்படிப் போவது? "நீ போம்மா, நான் நொம்வுலாகூட இருந்துக்குவேன்" என்று அவள் சொல்லத்தான் சொன்னாள். சொல்லும்போதே அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒபியோராவுக்கும் மற்றவர்களுக்கும் இதே கதைதான். சங்கத்தில் தொண்ணூறு பேர், போய்விட்டுத் திரும்பி வரக்கூடிய தாள் ஒருத்தனிடமும் இல்லை.

அந்த வாரமே எங்கள் நாட்டுத் தலைநகரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து இறங்கினார். ஓட்டல் மண்டபத்தில் எங்களையெல்லாம் கூட்டி, கேமராவைப் பார்த்து, நம் மக்களின் மானத்தைக் காப்போம் என்றார். ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு விமானம் இலவசம் என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது. அடாக்கு எழுந்து நின்றாள்.

"ஐயா, என் புருஷனை இங்க அடிச்சுக் கொன்னுட்டாங்க. அவரை ஊர்ல கொண்டுபோய்ச் சேர்த்துட்டு நான் என் மகள்கிட்ட திரும்பி வரணும். எனக்கு விமானம் வேண்டாம். ஒரு பாஸ்போர்ட் குடுங்க."

"அம்மா, இது கொள்கை பத்தின கூட்டம்" என்றார் அவர். "தனிப்பட்ட குறையை எழுதிக் குடுங்க. நோட் பண்ணிக்கிறேன்."

"ஒன்றரை வருஷம் முன்னாலேயே எழுதிக் குடுத்தேனே ஐயா! அதையே நோட் பண்ணலையே!"

பெரிய மனிதர் புன்னகை மாறாமல் அடுத்துக் கை தூக்கியவனைக் காட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாற்காலியைத் தூக்கி அடித்திருப்பேன். ஆனால் அடாக்கு சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டாள். அவளை அப்படி நாங்கள் பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலம் ஊரிலிருந்து எமெனிகேவின் அண்ணன் நுவெகே போனில் கூப்பிட்டார். "பொண்டாட்டி கூட வராத பொணத்தை ஊர் என்ன சொல்லும்னு உனக்குத் தெரியாதா அடாக்கு?"

"தெரியும் மாமா. சொல்லட்டும்."

வியாழக்கிழமை காலை வண்டி கிளம்பியது. சோமா முன்சீட்டில், அடாக்கு பெட்டியின் பக்கத்தில். பதினேழு வருஷமாக அவனை அவள் 'சோமா அப்பா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். செத்தவன் தன் பெயருக்குத்தான் திரும்புவான் என்பதால் அன்றைக்கு முதல் தடவையாகப் பெயர் சொன்னாள்.

"எமெனிகே, கிளம்பிட்டோம். இடதுபக்கம் திரும்புறோம். எமெனிகே, ரயில் பாலம். ஏறுறோம், பயப்படாதீங்க. பெரிய ரோடு வந்தாச்சு."

குரல் பிசிறில்லாமல் வந்தது. வேலை தெரிந்தவளின் குரல். சரக்கு வாசலில் வண்டி நின்றதும்தான் சிக்கல். இனிமேல் யார் கூட வருகிறார்கள் என்று சொல்லவேண்டிய இடம் அது. வருவதற்கு ஒரு நாதியும் இல்லை. யாரும் வரவில்லை, பெட்டிகளோடு பெட்டியாகப் போங்கள் என்று கட்டின புருஷனிடம் எப்படிச் சொல்வாள்?

பெட்டியின்மேல் கையை வைத்தாள். "எமெனிகே, நான்தான் கூட வர்றேன். விமானத்துல மேல சீட்டுல உட்கார்ந்திருப்பேன். என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க" என்றாள்.

சோமா சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் நொம்வுலாவின் அறையில் சோமா பாடப்புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். அடாக்கு சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது. நுவெகே.

"லாகோஸ் ஏர்போர்ட்லேர்ந்து நேத்தே கிளம்பிட்டோம். இப்போ ஆத்துக்கு இந்தக் கரை அசாபாவுல நிக்கிறோம். நைஜர் பாலம் கண்ணுக்குத் தெரியுது. வண்டி நகரமாட்டேங்குது."

"ரிப்பேரா மாமா?"

"ரெண்டு மெக்கானிக் பார்த்தாச்சு. ஒண்ணும் இல்லைங்கிறான். நாலு மணி நேரமாச்சு. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் பார்க்கிறேன். பெரியவங்கல்லாம் இவன் யாருக்கோ காத்துக்கிட்டு நிக்கிறான்ங்கிறாங்க." அவர் குரலைத் தணித்தார். "அடாக்கு, கிளம்புறப்போ அவன்கிட்ட நீ என்ன சொன்னே?"

அடாக்கு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "கடவுளே! மாமா, போனைப் பெட்டிமேல வைங்க."

வைத்தார்கள். லாரிச் சத்தம், காற்று, யாரோ இருமுவது கேட்டது.

"எமெனிகே, நான்தான் அடாக்கு. நான் வரலை. மேல சீட்டுல நான் இல்லை. உங்களைத் தனியா அனுப்ப மனசு கேக்காம பொய் சொல்லிட்டேன். புள்ளையை விட்டுட்டு வர முடியலை, என்னை மன்னிச்சுடுங்க. எனக்காக நிக்காதீங்க. இன்னைக்கு வரமாட்டேன். எப்போ வருவேன்னும் தெரியாது. முன்னாடி இருக்கிறது நைஜர் ஆறு. பாலத்துல ஏறுங்க. இறங்கினா நம்ம ஊர். அண்ணன் கூட இருக்காரு, அவர் குரலைக் கேட்டுக்கிட்டுப் போங்க. போங்க எமெனிகே, போயிடுங்க."

மறுமுனையில் வண்டி உறுமியது. "கிளம்பிடுச்சு, கிளம்பிடுச்சு!" என்று ஆட்கள் கத்தினார்கள். சோமா ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அடாக்கு போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. சொன்னவுடனே போகணுமா, இன்னும் கொஞ்ச நேரம் அவளுக்காக நின்றிருக்கக் கூடாதா என்றுதான் அவளுக்கு இருந்தது.